சும்பிக்கு ஒரு சுமை

அரெகிப்பா
11 பிப்ரவரி 1996

மதிப்பிற்குரிய அண்ணி எவாரிஸ்தாவுக்கு,

தான் ஒரு லாமா என்பது லாமாவுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரியவில்லை. இருபது வருடமாகப் பல்கலைக்கழகத்தில் கால்நடைப் பாடம் நடத்துகிறேன். லாமா, அல்பாக்கா, ஆளை அண்டவிடாத விக்குன்யா, குவனாகோ என்று ஒட்டகத்துக்கு உறவான நான்கைப் பற்றியும் ஆண்டுதோறும் கேள்வித்தாள் தயாரிக்கிறேன். இப்படி ஒரு கேள்வியை நான் யாரையும் கேட்டதில்லை, என்னையும் யாரும் கேட்டதில்லை. தாயின் வாசனை, தாயின் குரல் என்று புத்தகத்தில் ஏதோ போட்டிருக்கிறது. அதை யார், எப்படிச் சோதித்துப் பார்த்தார்கள் என்று தேடினால் பெரிதாக ஒன்றும் கிடைப்பதில்லை.

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? இருமல் விட்டதா? எனக்கு ஒரு குறையும் இல்லை. மழைக்குக் கூரையின் ஒரு மூலை ஒழுகுகிறது, அவ்வளவுதான். அண்ணனின் இரண்டாம் ஆண்டுப் பூசைக்கு வர முடியவில்லை. பரீட்சை நேரம்.

போர்வை வந்து சேர்ந்தது. லாரிக்கார அனக்லேதோ வண்டியை விட்டு இறங்கும்போதே, "இன்ஜினியரம்மா, இதைப் போத்திக்கிட்டீங்கன்னா குளிரு கிட்ட வராது. ஆளும் கிட்ட வர மாட்டான், லாமா வாடை அப்படித் தூக்குது" என்றார். கால்நடைப் படிப்புக்குக் கிடைத்த இன்ஜினியர் பட்டத்தை அவர் விடுவதாக இல்லை. வாடை உண்மைதான். நாற்காலியின் முதுகில் போட்டு வைத்திருக்கிறேன். பழுப்பின் நடுவே அந்த வெள்ளைக் கோடு நன்றாக இருக்கிறது.

நான் ஒன்று கேட்கிறேன். அந்தக் கேள்வியை எதற்காகக் கேட்டீர்கள்? சும்பியை மனதில் வைத்தா? அடுப்படியில் புட்டிப்பால் கொடுத்து நீங்கள் வளர்த்த அந்தக் குட்டிக்கு இப்போது இரண்டு வயது முடிந்திருக்கும். காயடித்தாகிவிட்டதா?

அடுத்த லாரியில் பதில் வந்தால் நிம்மதியாக இருக்கும்.

உங்கள் நாத்தனார்
லுஸ்மிலா


யானாகோத்தா
மார்ச் 3

லுஸ்மிலாவுக்கு எவாரிஸ்தா எழுதுறது.

நான் நல்லா இருக்கேன். நீயும் நல்லா இருக்கணும்னு மலைங்களக் கும்பிட்டுக்கிறேன். இருமல் போயிருச்சு. கூரை ஒழுகுதுன்னு எழுதியிருக்க. பட்டணத்துல இருக்கவளுக்குக் கூரை மேல ஏற ஒரு ஆளு கிடைக்கலையா?

படிச்சவளுக்கே தெரியலன்னா எனக்கு எங்க தெரியப்போகுது. சும்மாதான் கேட்டேன்.

கார்னிவல் முடிஞ்சுது. மந்தைக்கெல்லாம் காதுல கலர் நூல் குஞ்சம் கட்டினோம். புடிச்சுக் குடுக்க அனக்லேதோதான் வந்தான். சும்பிக்குச் சிவப்புக் குஞ்சம். அவன் காதைத் தொட்டதும் அனக்லேதோ தொப்பி மேல பச்சையாத் துப்பிட்டான். "எவாரிஸ்தாம்மா, இவன் பார்வையே சரியில்ல. வீட்டோட மாப்பிள்ள மாதிரி என்னை மேலயும் கீழயும் பாக்குறான்"னு அனக்லேதோ சொல்றான். "நீ வண்டிய ஓட்டு, மாப்பிள்ளைய நான் பாத்துக்கிறேன்"னு சொன்னேன்.

சும்பி மந்தையோட மேய மாட்டேங்கிறான். மத்த லாமாவெல்லாம் மேட்டுல நின்னா இவன் மட்டும் அடுப்படி வாசல்ல கால மடக்கி உக்காந்திருக்கான். நான் சூப்பு காய்ச்சும்போது வாயத் தொறக்காம ம்ம்னு முனகுவான். நானும் ம்ம்ங்கிறேன். பேச்சுத் துணைக்கு அது போதும்.

உங்க அண்ணனோட எட்டாம் நாள் காரியத்துக்கு நீ வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. உன்கிட்ட யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. செத்தவங்க சுமைய எடுத்துட்டுப் போக ஒரு லாமாவ அறுத்து அனுப்பணும். சுமை தூக்குற கிடாவத்தான் அனுப்புவாங்க. ஆனா கண்ண மூடுறதுக்கு முன்னாடி அவரு யுராக்தான் வேணும்னுட்டாரு. அந்த வெள்ளைப் பெட்டைதான் அவருக்கு உசுரு. மேய்ச்சல்ல இருந்தவளப் புடிச்சுட்டு வந்தோம். வாயில கோகா இலை வச்சோம். முதுகுல அவரு துணி, செருப்பு, ஒரு பை சோளம் கட்டினோம். அவ மடியப் பாத்திருந்தாத் தெரிஞ்சிருக்கும். ஒருத்தரும் பாக்கல, அழுதுக்கிட்டிருந்தோம். அன்னைக்குக் காலையிலதான் சரிவுல குட்டி போட்டிருக்கா. சாயங்காலம் நான் புழுக்கை பொறுக்கப் போனப்ப ஈரம் காயாம நடுங்கிக்கிட்டுக் கிடந்தான்.

அவன் அம்மா உங்க அண்ணனோட போயிட்டா. மிச்சம் நின்னது நாங்க ரெண்டு பேரு.

உன் போர்வையில பழுப்பு சும்பியோட கம்பளி. வெள்ளைக் கோடு யுராக்கோடது, கடைசியா கத்தரிச்சது. நாற்காலிக்குக் குளிராது, நீ போத்திக்க.

எவாரிஸ்தா


அரெகிப்பா
மார்ச் 17

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

உங்கள் இருமல் போனது நல்ல செய்தி. எனக்குத் தலைவலி வந்து போகிறது, பொருட்படுத்தும்படி இல்லை.

யுராக்கைப் பற்றி நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். அண்ணனின் சுமை எங்கே போய்ச் சேர்ந்தது என்பதைப் பற்றி எனக்கு ஒரு கருத்தும் இல்லை. உங்களுக்கு இருக்கிறது, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் காயடித்ததா என்று கேட்டேன், அதற்குப் பதில் இல்லை. அப்படியென்றால் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்டதில் பாதிக்கு எனக்குப் பதில் தெரியும். தான் லாமா என்று ஒரு லாமாவுக்கு எப்படித் தெரிகிறதோ, எனக்குத் தெரியாது. ஆனால் சும்பிக்குத் தெரிந்திருக்காது. தாயையும் மந்தையையும் பார்க்காமல், மனிதர் கையில் பால் குடித்து வளர்ந்த கிடாக்குட்டி மனிதர்களையே தன் இனம் என்று எடுத்துக்கொள்கிறது. குட்டியாக இருக்கும்வரை அது செல்லம். பருவம் வந்ததும், ஒரு கிடா இன்னொரு கிடாவிடம் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படி மனிதரிடம் நடந்துகொள்ளும். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்: மார்பால் மோதும், கழுத்தால் அமுக்கும், முன்னங்காலைக் கடித்து மண்டியிட வைக்கும். இரண்டு கிடாக்களுக்கு நடுவே அது வெறும் சண்டை. ஒரு மனுஷிக்கு அப்படியில்லை.

அடுப்படி வாசலில் அது உட்கார்ந்திருப்பது உங்களுக்குத் துணையாக இல்லாமல் இருக்கலாம். அந்த வாசல் தன்னுடையது என்று அது நினைத்திருக்கலாம்.

காதைப் பின்னால் மடிக்கிறதா? உங்களை உள்ளே விடாமல் மறிக்கிறதா? இந்த முறையாவது எழுதுங்கள். யாரையாவது கூப்பிட்டு இந்த மாதமே காயடித்துவிடுங்கள். இதற்கு மேல் தாமதித்தால் பயனிருக்குமா என்பதே சந்தேகம்.

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை.

லுஸ்மிலா


யானாகோத்தா
ஏப்ரல் 7

லுஸ்மிலாவுக்கு,

இங்க எல்லாரும் சௌக்கியம். எல்லாரும்னா நானும் மந்தையும். உன் தலைவலிக்குக் கோகா இலைய நெத்தியில ஒட்டிக்க, எழுதிப் படிச்சதெல்லாம் கொஞ்ச நேரம் வெளிய போகும்.

முதல் உறைபனி விழுந்திருச்சு. உருளைக்கிழங்கக் காய வச்சிருக்கேன். ஒரு நரி வருது. சும்பி தள்ளுறான், ஆமா. விளையாட்டுக்குத் தள்ளுறான். ஆம்பளப் புள்ளன்னா தள்ளத்தான் செய்வான்.

ஈரப் புல்வெளிக்குத் தினம் ஒரு விக்குன்யாக் குடும்பம் தண்ணி குடிக்க வருது. பெட்டைங்க, குட்டிங்க, காவலுக்கு ஒரு கிடா. போன வாரம் அந்தக் கிடா தன் மகனையே தொரத்திட்டான். விலாவுல கடிச்சுக் கடிச்சு மேட்டைத் தாண்டித் தொரத்தினான். ரெண்டு நாள் அந்தப் பையன் குன்னு மேல தனியா நின்னு கீழயே பாத்துக்கிட்டிருந்தான். அப்புறம் காணோம். கணவாய்க்கு அந்தப் பக்கம் இப்படித் தொரத்திவிட்ட பயலுங்க ஒரு கூட்டமா மேயுதுங்களாம். போய்ச் சேந்திருப்பான்.

பெத்தவனே தொரத்துறான். அதுங்களுக்கு யாரும் காயடிக்கல, பாரு.

வேற விசேஷம் இல்ல.

எவாரிஸ்தா


அரெகிப்பா
மே 5

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

ஈஸ்டர் முடிந்ததும் நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. லாரி இரண்டு முறை வந்து போனது. உங்கள் கடிதம் இருக்கிறதா என்று கேட்டேன். அனக்லேதோ, "இல்ல இன்ஜினியரம்மா" என்று சொல்லிவிட்டு டயரைப் பார்க்கக் குனிந்துகொண்டார். டயர் நன்றாகத்தான் இருந்தது.

நலமாக இருக்கிறீர்களா? இந்த ஒரு வரிக்கு மட்டும் பதில் எழுதினாலும் போதும்.

இங்கே சொல்வதற்கு அதிகமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வானொலியை வைத்துவிட்டு விடைத்தாள் திருத்துகிறேன். போன ஞாயிறு மின்சாரம் போய் வானொலி நின்றுவிட்டது. நிறுத்திவிட்ட பேச்சை முடிக்கும்படி நான் அதனிடம் சத்தமாகச் சொன்னேன். சொன்ன பிறகுதான் கவனித்தேன். போர்வையைப் போர்த்திக்கொள்ளத் தொடங்கியிருக்கிறேன். வாடை பழகிவிட்டது.

உங்கள் விக்குன்யாக் கதையை மாணவர்களிடம் சொன்னேன். துரத்தப்பட்டது போய்த் தன் கூட்டத்தோடு சேர்ந்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்று ஒருவன் கேட்டான். என்னிடம் படித்தவன், அப்படித்தான் கேட்பான். ஆதாரம் இல்லை என்றேன்.

சும்பியைக் கட்டியாவது வையுங்கள்.

லுஸ்மிலா


யானாகோத்தா
மே 19

இன்ஜினியரம்மாவுக்கு வணக்கம். எவாரிஸ்தாம்மா சொல்லச் சொல்ல அனக்லேதோ எழுதுறேன். எழுத்துப் பிழைக்கு நான் பொறுப்பு, சேதிக்கு அவங்க பொறுப்பு.

லுஸ்மிலா, நான் சுகம். குளிர் கையில ஏறிப்போச்சு, எழுத்து கோணலா வருது, அதான் இவன எழுதச் சொல்றேன். உருளைக்கிழங்கு நல்லா காஞ்சுது. நரி இப்ப வர்றதில்ல. ஒரு பை உப்புக்கண்டம் குடுத்து விட்டிருக்கேன், ஆட்டுக்கறிதான், நல்லா ஊற வச்சு ஆக்கு. நீ கவலப்படுற அளவுக்கு இங்க ஒண்ணும் இல்ல. கடுதாசி எழுதலன்னு கோவிச்சுக்காத.

(கால் பத்தி எழுதக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. அதனால கால் பத்தி நான் எழுதல. கை பத்தியும் எழுதல. "என்னடா தனியா கிறுக்குற"ன்னு கேக்குறாங்க. தேதி போடுறேன்னு சொல்லியிருக்கேன்.)

எவாரிஸ்தா
எழுதியது அனக்லேதோ


அரெகிப்பா
மே 26

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

உங்கள் கைக்கு ஏறிய குளிர் எலும்புவரை போயிருக்கிறதா என்று தெரிய வேண்டும். கை அசைகிறதா? காலை ஊன்ற முடிகிறதா? கட்டுப் போட்டது யார்? அனக்லேதோவைத் திட்டாதீர்கள். அவர் எதையும் எழுதவில்லை.

ஜூன் கடைசியில் கணவாய்க்கு அந்தப் பக்கம் விக்குன்யா வளைப்பு வைத்திருக்கிறார்கள். பிடித்த விக்குன்யாக்களின் கம்பளியைக் கத்தரித்து விடும்போது கூட இருப்பதற்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பொதுவாக மறுத்துவிடுவேன். இந்த முறை ஒப்புக்கொண்டேன். அது முடிந்த அடுத்த நாள் உங்கள் வீட்டுக்கு வருகிறேன். அரை நாள் நடை. கருவிகளைக் கொண்டுவருகிறேன்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. ஆளை ஒருமுறை கீழே தள்ளிப் பழகிய கிடாவுக்குக் காயடித்துப் பயனில்லை என்றுதான் என்னைவிட அனுபவமுள்ளவர்கள் சொல்கிறார்கள். அதை இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கவும் முடியாது. அங்கேயும் ஒருவர் அடுப்படி வாசலைக் கடந்துதானே போக வேண்டும். கத்தி ஒன்றுதான் வழி. நான் வரும்வரை அதன் பக்கத்தில் போகாதீர்கள்.

லுஸ்மிலா


யானாகோத்தா
ஜூன் 9

லுஸ்மிலாவுக்கு,

என் கையாலதான் எழுதுறேன், பாத்துக்க. கை நல்லாத்தான் இருக்கு. கால் கொஞ்சம் பொறுத்து நடக்கும். மத்தியானம் வெயில்ல நீட்டி வச்சுக்கிட்டு நூல் நூக்குறேன். நீ நல்லா சாப்பிடுறியா?

அடுப்படியில வச்சு வளத்தது நான். முதல்ல நாலு டின் பாலு, அப்புறம் என் சூப்பு. அத அறுக்கச் சொல்ற. அறுத்தா அவனும் உங்க அண்ணன் போன வழியில போகணும். சுமை இல்லாம அனுப்பக் கூடாது. அவரு துணியெல்லாம் யுராக்கோட போயிருச்சு. இவன் முதுகுல வச்சுக் கட்ட என்கிட்ட என்ன இருக்கு? அனுப்புறதுக்கு இந்த வீட்டுல மிச்சம் ஒண்ணும் இல்ல.

ஆனா நீ கவலப்படாத. தீந்துது. அவன் இப்ப இங்க இல்ல. நீ அந்தக் கருவியெல்லாம் தூக்கிட்டு வர வேண்டாம். சும்மா வர்றதுன்னா வா.

காலையில வாசல் அகலமா இருக்கு.

எவாரிஸ்தா


விக்குன்யா வளைப்பு முகாம்
ஜூன் 28

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

நீங்கள் இந்தக் கணவாய்க்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறீர்கள். நான் நாளை மறுநாள் உங்கள் வாசலில் நிற்பேன். ஆனாலும் எழுதுகிறேன். எழுதும்போதுதான் நமக்குப் பேச வருகிறது. இன்று அனக்லேதோ உங்கள் வழியாகப் போகவில்லை, அதனால் கடிதம் என்னிடமே இருக்கும்.

கால் எப்படி இருக்கிறது? இங்கே உயரத்துக்குப் பழக்கம் விட்டுப்போய் எனக்கு மூச்சு வாங்குகிறது. கூடாரம் நிறைய ஆட்கள். லிமாவிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் எல்லோருக்கும் கை கொடுத்து வணக்கம் சொல்கிறார். கத்தரிக்கிற கம்பளி பள்ளிக்கூடத்துக் கூரைக்கு என்று ஊர் தீர்மானித்திருக்கிறது. பெண்கள் சூப்பு காய்ச்சிக்கொண்டே, "இன்ஜினியரம்மா, கல்யாணம் ஆகலையா, இல்ல ஆனவரு ஓடிட்டாரா?" என்று கேட்டார்கள். என்னை வளைத்துப் பிடிக்க யாரும் வரவில்லை என்றேன். சிரித்தார்கள்.

ஒன்று என்னை உறுத்துகிறது. "அவன் இப்ப இங்க இல்ல" என்று எழுதியிருந்தீர்கள். ஒரு லாமாவை அறுத்தால் ஒரு தொடை நாத்தனார் வீட்டுக்கு வரும். அண்ணன் இருந்தபோது அது தப்பியதே இல்லை. கார்னிவல் ஆட்டுக்குக்கூட நீங்கள் பங்கு அனுப்பினீர்கள். சும்பியின் தொடை வரவில்லை.

அனக்லேதோவும் வளைப்புக்கு வந்திருக்கிறார். சும்பியைப் பற்றிக் கேட்டேன். லாரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று போய்விட்டார்.


மறுநாள், மாலை

இன்று நடந்ததை எழுதுகிறேன். நீங்கள் இங்கே இல்லை, அதனால் முழுவதும் எழுத வேண்டும்.

விடிந்ததும் குன்றுகளில் பரவி நின்றோம். நீளக் கயிறு, அதில் முழம் விட்டு முழம் கலர்த் துணி. வரிசையாக அதைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தில் போட்டிருந்த பட்டியை நோக்கி நடந்தோம். பட்டியின் வாசல் மூடும்வரை யாரும் கயிற்றை விடக் கூடாது. ஒருவர் விட்டால் அந்த இடைவெளியில் எல்லாம் போய்விடும். உங்களுக்குத் தெரிந்ததுதான். என் இடப்பக்கம் அனக்லேதோ. காற்று அறுத்தது. போர்வையைப் போர்த்தியிருந்தேன்.

விக்குன்யாக்கள் புகை மாதிரி இறங்கின. எங்களைக் கண்டதும் விலகி ஓடின. அவற்றுக்கு நடுவே ஒன்று மட்டும் எங்களை நோக்கி நடந்து வந்தது. பெரியது, பழுப்பு. காதில் சிவப்புக் குஞ்சம்.

"நான் எழுதல இன்ஜினியரம்மா" என்றார் அனக்லேதோ. "அம்மா எழுதக் கூடாதுன்னாங்க."

"இப்போது சொல்லுங்கள்."

"லாரியில ஏத்திக் கொண்டாந்து இங்க விட்டேன். அம்மாவும் கட்டுப் போட்ட காலோட முன்சீட்டுல வந்தாங்க. தொரத்திவிட்ட விக்குன்யாப் பசங்க கூட்டம் இங்க மேயுது, இவனும் அதுங்களோட சேந்துக்குவான்னு சொன்னாங்க. சொந்தக்காரங்கதானன்னாங்க. திரும்பும்போது இவன் லாரி பின்னாடியே ஓடி வந்தான். அம்மா திரும்பிப் பாக்கல. வேகமாப் போடான்னாங்க."

சும்பி வரிசையின் ஒரு முனைக்கு வந்தது. ஒருவரின் முகத்தருகே மூக்கை நீட்டியது. பிறகு அடுத்தவர். பிறகு அடுத்தவர். யாரையோ தேடியது என்று எழுத மாட்டேன். பார்த்ததை எழுதுகிறேன்: ஒவ்வொருவரையும் முகர்ந்தது, யாரிடமும் நிற்கவில்லை. பெண்களிடம் சற்றுத் தாமதித்தது. மக்கள் பயந்து தலையைச் சாய்த்தார்கள், ஆனால் கயிற்றை விடவில்லை.

என்னிடம் வந்ததும் நின்றது. போர்வையின் வெள்ளைக் கோட்டில் மூக்கை வைத்தது. வாயைத் திறக்காமல் முனகியது. நீங்கள் எழுதியிருந்த அந்த முனகல்தான் என்று நினைக்கிறேன். நான் பதிலுக்கு முனகவில்லை. முனகத் தோன்றியது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். அதன் பிறகு அது காதைப் பின்னால் மடித்தது.

மார்பால் மோதியது. விழுந்தேன். கழுத்தை என்மேல் போட்டு அமுக்கியது.

"விட்றாதீங்க" என்று அனக்லேதோ கத்தினார்.

"எதை?" என்றேன். உண்மையாகவே புரியவில்லை.

"கயித்த."

விடவில்லை. கீழே கிடந்தபடி அதன் வயிற்றுக்கடியில் விக்குன்யாக்களின் கால்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல் மூடியது என்று கூச்சல் கேட்ட பிறகுதான் ஆட்கள் வந்து சும்பிக்குச் சுருக்குப் போட்டார்கள்.

கத்தரித்து விட்ட விக்குன்யாக்கள் திரும்பிப் பார்க்காமல் ஓடின. கட்டிப்போட்டிருந்த சும்பி அவை போன திசையைப் பார்க்கவில்லை. அடுப்பு எரிந்த கூடாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

மதியம் ஊர்த் தலைவர் என்னிடம் வந்தார். போன வாரம் மேற்குப் பட்டியில் மேய்க்கும் ஒரு பெண்ணையும் இது தள்ளிக் கடித்திருக்கிறது. "காயடிச்சா அடங்குமா?" என்று கேட்டார். அடங்காது என்று நினைப்பதாகச் சொன்னேன். "யாரோடது?" என்றார். என் அண்ணன் வீட்டுடையது என்றேன். "அப்ப நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். உங்களைக் கேட்காமல் சொன்னேன். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

முகத்தைக் கிழக்கே திருப்பி நிறுத்தினார்கள். வாயில் கோகா இலை வைத்தார்கள். அதன் தாய் யார், எதற்காகப் போனாள் என்பதை அனக்லேதோ அவர்களிடம் சொல்லியிருந்தார். கத்தி வைத்திருந்தவர் நிறுத்திவிட்டு, "அப்ப வெறும் முதுகோட அனுப்பக் கூடாதும்மா. வீட்டு ஆளு நீங்கதான். ஏதாவது குடுங்க" என்றார்.

அது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பையில் கருவிகள் இருந்தன. அவை சுமைக்கு ஆகாது. போர்வையைக் கழற்றி அதன் முதுகில் போட்டுக் கட்டினேன், வெள்ளைக் கோடு மேலே தெரியும்படி. கட்ட ஒரு கைதான் உதவியது. மறுமுனையை அனக்லேதோ முடிந்தார்.

ஒரு தொடையை அவரிடம் கொடுத்திருக்கிறேன். இந்தக் கடிதமும் அதுவும் விடிவதற்குள் உங்களிடம் வந்துவிடும். நான் நடந்து வருகிறேன், மதியமாகும். வாசலில் இப்போது மறிப்பவர் யாருமில்லை. கதவைத் திறப்பதும் திறக்காததும் உங்கள் விருப்பம்.

எழுத்து கோணலாக இருந்தால் குளிர் என்று எண்ணிக்கொள்ளுங்கள். இன்று போர்த்திக்கொள்ள ஒன்றுமில்லை.

லுஸ்மிலா